நம் நட்சத்திரத்தை நாம் பார்த்திருக்கிறோமா?

“என்ன நட்சத்திரம்?” என்று கோயிலில் அர்ச்சனையின்போது கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியும். ரோகிணி, திருவாதிரை, சுவாதி, கேட்டை என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். அந்த நட்சத்திரம் வானில் எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் தெரியும், என்ன நிறம் என்று கேட்டால் விழிப்போம். பெயர் நம்மிடம் இருக்கிறது, ஆளைத்தான் தொலைத்துவிட்டோம். இதை மாற்ற மாணவர்களால் முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்குப் பணம் தேவையில்லை.

“சிங்கப்பூரில் விண்மீன் எங்கே தெரிகிறது?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. 2016ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, ஒளி மாசு மிக அதிகமுள்ள நாடாகச் சிங்கப்பூரைக் குறிப்பிட்டது. பால்வீதியை இங்கிருந்து பார்க்க ஆசைப்பட முடியாது. ஆனால் பிரகாசமான விண்மீன்களும் கோள்களும் வீவக அடுக்குமாடிக்கு அருகிலுள்ள திடலிலிருந்தே தெரிகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கிடையே குழம்பாமல், முக்கியமானவற்றை மட்டும் எளிதில் அடையாளம் காணலாம்.

உடனே தொலைநோக்கி வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. தொலைநோக்கி வானத்தின் மிகச் சிறிய பகுதியைத்தான் காட்டும். எங்கே திருப்புவது என்று தெரியாதவருக்கு அது விரைவில் அலமாரிப் பொருளாகிவிடும். சில மாதம் வெறுங்கண்ணால் பழகுங்கள். பிறகு 7x50 அல்லது 10x50 இருகண் நோக்கி போதும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். கையை அசையாமல் ஊன்றிப் பார்த்தால் நிலவின் பள்ளங்களும், 1610ல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். நிலவைப் பார்க்க முழுநிலவு நாளைவிட அரைநிலவு நாளே சிறந்தது. அப்போது நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்கள் தெளிவாக எழுந்து நிற்கும்.

தொடங்க ஏற்ற மாதம் பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை தணிந்திருக்கும். இரவு ஒன்பது மணிவாக்கில் அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தெரியும். அவை ஓரியன் என்னும் வேடனின் இடைவார். அதன் ஒருபக்கம் செந்நிறத் திருவாதிரை. மறுபக்கம் நீலவெண்ணிற ரைஜெல். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின், ரைஜெலுடையது ஏறத்தாழ 12,000. இயற்பியல் வகுப்பில் படிக்கும் நிறத்துக்கும் வெப்பத்துக்குமான உறவு தலைக்கு மேலேயே இருக்கிறது.

இடைவாரின் கோட்டை ஒரு திசையில் நீட்டினால் இரவு வானின் ஆகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் வரும். எதிர்த்திசையில் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டிக் கார்த்திகைக் கூட்டம். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. இன்று உயர்நிலை நான்கில் படிப்பவர் காணும் அதன் ஒளி, அவர் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த காலத்தில் புறப்பட்டது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நமக்கு இன்னொரு பேறும் கிடைத்திருக்கிறது. மே மாதத்தில் இரவு பத்து மணியளவில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம். தெற்கே திரும்பினால் தென்சிலுவை. லண்டன்வாசிக்குத் தென்சிலுவை தெரியவே தெரியாது. மெல்பர்ன்வாசிக்குச் சப்தரிஷி மண்டலம் முழுமையாகத் தெரியாது. நமக்கு இரண்டும் ஒரே இரவில்.

நம் திருநாள்களும் வானத்தோடு பிணைந்தவை. தைப்பூசம் நிலவு பூசத்தின் பக்கம் நிற்கும் நாள். சித்ரா பௌர்ணமியில் முழுநிலவு சித்திரை விண்மீனை ஒட்டிய பகுதியில் இருக்கும். பூசம் மங்கலானது, நிலவொளியில் மறைந்துவிடும்; சித்திரை பிரகாசமானது. அடுத்த சித்ரா பௌர்ணமியன்று நிலவுக்கு அருகில் தேடிப் பாருங்கள்.

சில நடைமுறைகள்: விளக்கு நேரடியாகக் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகுவதற்குச் சுமார் 20 நிமிடம் கொடுங்கள். அதுவரை கைப்பேசியைத் தொடாதீர்கள். ‘ஸ்டெல்லாரியம்’ போன்ற செயலியைப் புறப்படுமுன் பார்த்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சொல்லிவிட்டு, நண்பர்களோடு செல்லுங்கள். கண்டதைத் தேதி, நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்தக் கருவி வழியாகவும் சூரியனைப் பார்க்காதீர்கள்.

விளக்கு கூடக் கூட வானம் மங்கும். வானத்தை அறியாத தலைமுறைக்கு அது இழப்பாகவே தோன்றாது. தெருவிளக்கின் ஒளி தரையை நோக்கி மட்டும் விழ வேண்டும் என்று கேட்க, மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வேண்டும். மேகமில்லாத அடுத்த இரவில் உங்கள் நட்சத்திரத்தைத் தேடத் தொடங்குங்கள். கண்டுபிடித்ததும் தாத்தா பாட்டிக்கும் காட்டுங்கள்.