விலைக்கு வந்த கிதாபு

அண்மையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழம்பொருள் கடைக்குள் முதன்முறையாக நுழைந்தோம். செட்டிநாட்டு வீடுகளின் மரத்தூண்களும் எனாமல் பாத்திரங்களும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டே சென்ற நாம், ஒரு மரப்பெட்டியின் முன் நின்றுவிட்டோம். உள்ளே அட்டை கிழிந்த கிதாபு ஒன்று கிடந்தது. “பழைய அரபிப் புத்தகம்” என்றார் கடைக்காரர். எழுத்துத்தான் அரபு, மொழி நம் தமிழ்.

நம் உம்மம்மாமார் பலர் மார்க்கம் கற்றது இந்த அரபுத்தமிழில்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்தில் எழுதி வைத்தார்கள். அக்கிதாபின் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது. நம்மில் மூத்தவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். குர்ஆன் ஓதத் தெரிந்த நம் பிள்ளைகளோ, தமிழ் ஒலிகளுக்காகச் சேர்க்கப்பட்ட எழுத்துகளில் தடுமாறினர்.

கடைக்காரரைக் குறை கூற நமக்கு வாயில்லை. அவராவது அதைப் பாதுகாத்தார். வேண்டாமென்று கொடுத்தது நம்மைப் போன்ற ஒரு வீடாகத்தான் இருக்கும்.

பழம்பொருளைப் போற்றச் சொல்லவில்லை. இல்ம் ஓர் அமானிதம் என்றே சொல்கிறோம். இவ்வாரமே வீட்டுப் பரணில் உள்ள பெட்டியைத் திறப்போம். வாசிக்கத் தெரிந்த பெரியவர் வாசிக்கட்டும். அருகிலமர்ந்து பேரப்பிள்ளை தமிழெழுத்தில் எழுதட்டும். அப்பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக!