எல்வி என்றொரு பாட்டி, பாஸ்கரதாஸின் டைரி

பத்து நொடியில் இழுக்கணும், ரெண்டு நிமிஷத்தில் முடிக்கணும். டிஜிட்டல் டெஸ்க்கில் எங்களுக்கு இதுதான் வேதம். அந்த வேதத்தைக் கொஞ்சமும் மதிக்காத ஒரு நீளக் கட்டுரையை இந்த வாரம் சிபாரிசு செய்கிறேன். ஆங்கிலம்தான், ஒரு ஞாயிறு மதியம் முழுசாக வேண்டும்.

2014 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் மேகசினில் ஜான் ஜெரமையா சல்லிவன் எழுதியது. விஷயம், ப்ளூஸ். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு அது. (பருத்தி பட்ட பாடு என்னவென்று எங்க முதலியார்பேட்டை ரோடியர் மில் தொழிலாளிகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.)

1930-ல் கீஷி வைலி, எல்வி தாமஸ் என்ற இரு பெண்கள் பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடினார்கள். மிஞ்சியது ஆறே பாட்டு. கேட்டவர்கள் உருகினார்கள். ஆனால் பாடியது யார், பிறகு என்ன ஆனார்கள் என்பது மட்டும் ரசிகர்களுக்குப் புதிராகவே இருந்தது. சல்லிவன் தேடிப்போகிறார். 'எல்வி' என்பது பெயரே இல்லை, எல்.வி. என்ற இரண்டு எழுத்துகள்! ப்ளூஸை விட்டுவிட்டு, சர்ச்சுக்குப் போய்க்கொண்டு, ஹூஸ்டனில் 1979 வரை வாழ்ந்திருக்கிறார் அந்தப் பாட்டி. மேக் மெக்கார்மிக் என்ற ஆய்வாளர் 1961-லேயே அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அந்தக் காகிதங்கள் அரை நூற்றாண்டு அவர் வீட்டிலேயே கிடந்தன.

அவற்றை மெக்கார்மிக்கின் சம்மதம் இல்லாமல் வெளியிட்டது பெரிய சண்டையானது. என்னைக் கேட்டால், ஆய்வாளர் பக்கம்தான் நியாயம். அதற்காகக் கட்டுரையைப் பாதியில் மூடவும் மனசு வரவில்லை.

அதே காலத்தில் நம் பக்கமும் கிராமபோன் சுழன்றுகொண்டிருந்தது. மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடி ஜெயிலுக்குப் போனார் விஸ்வநாத தாஸ். பாட்டு எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதற்கும் பாட்டு இவர்தான். இந்தக் கலைஞர்களை வரலாற்றில் உட்காரவைத்தவர் தியடோர் பாஸ்கரன். தபால் துறை அதிகாரி! அரசாங்கக் கோப்புகளைப் புரட்டி, 1981-ல் 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். நாடகமும் இசைத்தட்டும் சினிமாவும் சுதந்திரப் போராட்டத்தை எப்படிச் சுமந்தன என்பதுதான் அதில் விஷயம்.

பாஸ்கரதாஸ் டைரி எழுதுகிறவர். 1917 தொடங்கி 1951 வரை எழுதியிருக்கிறார். அதைப் புத்தகமாக்கியவர் அவர் பேரன், நாடகக்காரர் முருகபூபதி. இன்று யார் வந்தார், எந்த ஊருக்குப் பயணம் என்று சாதாரணக் குறிப்புகள்தான். ஆனால் இசைத்தட்டு லேபிளில் வெறும் பெயராக இருக்கும் ஒருவர் அந்தக் குறிப்புகளில் எழுந்து நடமாடுகிறார். அந்த நோட்டுகளை வீட்டில் யாராவது எடைக்குப் போட்டிருந்தால்? யோசித்தாலே திக்கென்கிறது.

அந்த மேடைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், 70, 80 வயதில். உங்கள் வீட்டுத் தாத்தாவோ அம்மாச்சியோ பழைய நாடகப் பாட்டு எதையாவது முணுமுணுத்தால், போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணிவிட்டு, யார் பாடினது, எங்கே கேட்டீங்க என்று விசாரியுங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு கண்ணில் பட்டால், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, லேபிளை ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.