விலை கூடினால் போதுமா?

கணினி விற்கும் நம் வணிகர்கள் சிலர், விலை கூடிய பிராசசரே சிறந்தது என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். இது முறையல்ல.

2023இல் வந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.டி. ரைசன் 7 7800எக்ஸ்3டி: 8 கோர், 96 எம்.பி. எல்3 கேஷ், அறிமுக விலை 449 டாலர். இன்டெல் கோர் ஐ9 14900கே: 24 கோர், 589 டாலர். விளையாட்டுக்குப் பெரிய கேஷ் கைகொடுப்பதால், விலை குறைந்த ரைசனே பெரும்பாலும் முந்துகிறது. வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் போன்ற வேலைகளுக்கு இன்டெல்லே வேகம். ஆனால் அது 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும், நல்ல கூலரும் வேண்டும். பில் போடவும் கணக்கு எழுதவும் இரண்டுமே வீண் செலவு.

ஆகவே, "என்ன வேலைக்கு?" என்று கேட்டபின் விலைப்பட்டியலை நீட்டுவோம். ஒரு முறை கிடைக்கும் கூடுதல் லாபத்தைவிட, நம்பித் திரும்பி வரும் வாடிக்கையாளரே நமக்கு முதல்.