கடைசி பெஞ்சுப் பல்



காலையில் கண்ணாடி முன் நின்று பல் தேய்க்கும்போது எந்தப் பல்லைப் பார்க்கிறீர்கள்? சிரித்தால் தெரிகிற முன்பற்களைத்தானே! பிரஷும் அங்கேதான் நாலு இழுப்பு இழுக்கிறது. வகுப்பிலும் இப்படித்தான். முன் பெஞ்சுப் பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் யார் என்ன செய்கிறார் என்பது எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த வாரம் நம் வாயின் கடைசி பெஞ்சைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

பால் பற்கள் மொத்தம் 20. சுமார் ஆறு வயதில் அவை ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கும். முன்பல் ஆடிவிட்டால் வீட்டில் ஒரே அமர்க்களம்தான். நாக்கால் தள்ளித் தள்ளி, ஒரு நாள் அது கையோடு வந்துவிடும். பாட்டி அதைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறியச் சொல்வார். (இப்போது கூரைக்கு எங்கே போவது? மொட்டை மாடிதான்!) ஓட்டைப் பல்லோடு பள்ளிக்குப் போனால் நண்பர்கள் கேலி செய்வார்கள்.

இந்த அமர்க்களம் நடக்கிற அதே ஆறு, ஏழு வயதில், பால் பல் வரிசை முடிகிற இடத்துக்கும் பின்னால், வெறும் ஈறாக இருந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒரு புதிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக மொத்தம் நான்கு. எந்தப் பல்லும் விழாமல் வருவதால், அது வந்ததே யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பெரியவர்களே நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. அது பால் பல் அல்ல. நிரந்தரப் பல். போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. எழுபது ஆண்டு சோறு மென்று கொடுக்க வந்த பல் அது!

எது அந்தப் பல் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முன்பல் வரிசையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். நடுவில் ஏதாவது பல் விழுந்திருந்தால் அந்த இடத்தையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக வருவதுதான் அந்தப் பல். ஆறு வயதில் வரும் ஆறாவது பல். மறக்கவே மறக்காது, இல்லையா? பன்னிரண்டு வயதை ஒட்டி அதற்கும் பின்னால் இன்னொன்று வரும். அதுவரை கடைசி பெஞ்சு இதனுடையது.

நான் நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் என்ன எழுதினாலும் அவர்கள் மண்டையில் ஏறாது. வாயைத் திறக்கச் சொன்னால் பெரும்பாலும் இந்த ஆறாவது பல்லில்தான் கறுப்பாக ஒரு குழி இருக்கும். வீட்டில் கிராம்பு வைத்து அனுப்பியிருப்பார்கள். கிராம்பினால் வலி கொஞ்சம் மட்டுப்படும், குழி மட்டுப்படாது. சில நாளில் வலி தானே அடங்கிவிட்டால் "சரியாகிவிட்டது சார்" என்பார்கள். சரியாகியிருக்காது. உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போய், வலி தெரியாமல் போயிருக்கலாம். பிறகு ஒரு நாள் கன்னம் வீங்கும். வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்குவது என்று போய் நிற்கும். பன்னிரண்டு வயதில் நிரந்தரப் பல்லை இழப்பது சின்ன விஷயமா?

இந்தப் பல் மட்டும் ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? இதன் தலையில் ஆழமான பள்ளங்கள் இருக்கின்றன. உணவுத் துணுக்கு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். முளைத்து மேலே வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பக்கத்துப் பல்லை விடக் குட்டையாக இருக்கும். பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். புதிதாக வந்த பல்லின் மேற்பூச்சு முழுதாக உறுதிப்படவும் சில காலம் பிடிக்கும்.

அந்த மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எலும்பை விடக் கடினம். ஆனால் ஒரு குறை உண்டு. முழங்கால் சிராய்த்தால் தோல் வளர்ந்து மூடிவிடும். கை முறிந்தால் எலும்பு கூடிவிடும். எனாமலில் உயிரணுக்கள் கிடையாது. அதனால் குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது.

குழி போடுவது யார்? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று ஒரு கிருமி. 1924-ல் கிளார்க் என்ற விஞ்ஞானி, சொத்தைப் பல்லில் இருந்து இதைக் கண்டுபிடித்தார். நாம் சாப்பிடும் சர்க்கரையை இதுவும் சாப்பிட்டுவிட்டு அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைப் போக்கி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பவும் பல்லில் படிய வைக்கும். இதற்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம்.

இங்கே ஒரு கணக்கு. உங்களிடம் பத்து மிட்டாய் இருக்கிறது. ராமு பத்தையும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தின்றுவிடுகிறான். சோமு அரை மணிக்கு ஒன்றாக வைத்து வைத்துத் தின்கிறான். யார் பல் அதிகம் கெடும்? "ராமுவுடையது" என்பீர்கள். இல்லை, சோமுவுடையதுதான்! ராமுவின் பல் ஒரு முறை அமிலத்தில் நனைந்தது. சோமுவின் பல் ஐந்து மணி நேரம் ஊறிக்கொண்டே இருந்தது. உமிழ்நீருக்கு மூச்சு விடக்கூட நேரம் இல்லை. (பத்து மிட்டாயை ஒரே மூச்சில் தின்னலாம் என்று ஆசிரியர் சொன்னார் என வீட்டில் சொல்லாதீர்கள். ராமு செய்ததும் சரியில்லைதான்.) எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதும் கணக்கு. மிட்டாய் மட்டும்தான் என்றில்லை. கிரீம் பிஸ்கட்டும், பல்லில் அப்பிக்கொள்ளும் சிப்ஸும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வெல்லம் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கடலை மிட்டாயை நாள் முழுக்கக் கடித்தாலும் கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான். 300 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஆறேழு தேக்கரண்டி. அது போதாதென்று அந்தப் பானமே அமிலம்.

இப்போது உங்கள் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் பை ஒரு மூலையில் விழுகிறது. கையில் ஒரு பாக்கெட், எதிரில் டிவி அல்லது செல்போன். கண் திரையில் இருக்கும். கை மட்டும் பாக்கெட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்துகொண்டே இருக்கும். பசிக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே கழிகிறது. உடம்புக்கு வேலை இல்லை, பல்லுக்கு ஓய்வு இல்லை. உடம்பு பருப்பதும் பல் சொத்தையாவதும் தனித்தனி விஷயம் என்று நினைக்கிறோம். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் தொடங்குகின்றன.

அதே நேரத்தில் ஒருவன் வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டலோ, வேர்க்கடலையோ, ஒரு கொய்யாவோ சாப்பிட்டுவிட்டு வெளியே ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓடிப்பிடித்து, கபடி, கோ-கோ, பாண்டி, ஸ்கிப்பிங், எதுவாயினும் சரி. விளையாடுகிற கைக்குப் பாக்கெட்டைப் பிடிக்க முடியாது. தாகம் எடுத்தால் தண்ணீர்தான் கேட்கும். எட்டு மணிக்கு நல்ல பசியோடு சோற்றுக்கு உட்காருவான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே மூச்சில் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு நடந்து போவதும் சைக்கிள் மிதிப்பதும் இதில் சேரும்.

தெருவில் கார் நிற்கிறது, மைதானத்தில் வீடு முளைத்துவிட்டது, எங்கே விளையாடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியது பெரியவர்கள். வாரத்தில் வருகிற இரண்டு பி.டி. பீரியடையும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கடன் வாங்கிக்கொள்வதையும் அவர்கள்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டால் "இனி என்ன ஓட்டம்?" என்று வீட்டில் உட்கார வைக்கிற வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. எலும்பில் உறுதி வேகமாகச் சேருகிற வயதே அதுதான். ஓடிக் குதித்தால்தான் அது சேரும். தங்கைகளே, இந்தப் பக்கத்தை அம்மாவிடம் படிக்கக் கொடுங்கள்.

விளையாட்டில் மோதி நிரந்தர முன்பல் வேரோடு வந்துவிடுவதும் உண்டு. அப்போது பதற வேண்டாம். பல்லை வேர்ப் பக்கம் தொடாமல் மேல் பக்கமாகப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. ஒரு டம்ளர் ஆறிய பாலில் போட்டு, பெரியவர்களோடு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் போனால் அதே பல்லைத் திரும்பப் பொருத்திக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பால் பல்லாக இருந்தால் அப்படிப் பொருத்த மாட்டார்கள்.

இனி இரவு. காலையில் பல் தேய்க்காதவர் நம் ஊரில் அநேகமாகக் கிடையாது. இரவில் தேய்ப்பவர் எத்தனை பேர்? தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பள்ளத்தில் மாட்டிய உணவும் கிருமியும் ஆறாவது பல்லோடு விடிய விடியத் தனியாக இருக்கும். உங்கள் வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஒன்பது மணி நேரம் என்பது கிருமிக்கு எவ்வளவு பெரிய விடுமுறை! ஒரு வேளைதான் நன்றாகத் தேய்க்க முடியும் என்று யாராவது அடம் பிடித்தால், அந்த ஒரு வேளை இரவாக இருக்கட்டும் என்பேன். ஆனால் இரண்டு வேளையும் வேண்டும்.

எப்படித் தேய்ப்பது? முதலில் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள். வாயை ஆவென்று திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷுக்கு இடம் இருக்காது. பாதி மூடிக்கொண்டால் பிரஷ் பின்னால் வரை போகும். அந்தக் குட்டைப் பல்லுக்கு மட்டும் பிரஷைப் பக்கவாட்டில் திருப்பித் தலையில் தேய்க்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம். அதிகமாகத் தோன்றுகிறதா? 120 வினாடியை 28 பல்லுக்குப் பங்கிட்டால் ஒரு பல்லுக்கு நாலு வினாடிதான் வருகிறது. அதற்குள் வெளிப்புறம், உட்புறம், தலை மூன்றும் முடிய வேண்டும்! ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் போடுவது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக. விழுங்காமல் துப்பிவிடுங்கள். செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு எல்லாம் எனாமலை உரசித் தேய்த்துவிடும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பழமொழி இருக்கிறதே என்று தாத்தா கேட்பார். (வேல் என்பது வேம்பு அல்ல, கருவேலம்.) குச்சியை நன்றாக மென்று பிரஷ் போல ஆக்கித் தேய்த்தால் முன்பல்லுக்குப் பரவாயில்லை; ஆறாவது பல்லின் பின்பக்கத்துக்குக் குச்சி வளையாது.

ஃப்ளோரைடு என்றதும் நினைவுக்கு வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃப்ளோரைடு மிக அதிகம். பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வந்துவிடும். அந்த ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படிப்பட்ட கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உங்கள் வகுப்பில் ஒருவருக்கு அந்தக் கறை இருந்தால் "பல் தேய்க்க மாட்டாயா?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் உங்களை விட நன்றாகவே தேய்க்கிறவராக இருக்கலாம்.

இன்று இரவு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து நான்கு ஆறாவது பற்களையும் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ குழியோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் வீட்டில் சொல்லுங்கள். சின்னக் குழியை ஒரே நாளில் அடைத்துவிடுவார்கள், அநேகமாக வலிக்காது. குழியே இல்லாத பல்லிலும் அந்த ஆழமான பள்ளங்களை மூட ஒரு பூச்சு இருக்கிறது. அது தேவையா என்று டாக்டரைக் கேட்கலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு, பல் சொத்தையையும் பார்க்க வேண்டும் என்பது 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இருக்கிறது. அவர்கள் வரிசையில் நிற்க வைத்து "ஆ காட்டு" என்பார்கள். கூட்டம் அதிகம், நேரம் குறைவு. முன்பல்லைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக்கூடும். வெட்கப்படாமல் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், பின்னால இருக்கிற ஆறாவது பல்லையும் கொஞ்சம் பாருங்க!"