தரிசு என்று யார் சொன்னது?

புல்வெளியைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. "தரிசாகத்தானே கிடக்கிறது, மரம் நட்டால் கரியமில வாயுவையாவது உறிஞ்சுமே" என்கிறார்கள். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தரிசுநில வரைபட நூலில் 5.5 கோடி ஹெக்டேருக்கு மேல் நிலம் இருக்கிறது. புதர் நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒன்றுமே நடக்காத நிலமா அது?

கொஞ்சம் மண்ணுக்குள் பாருங்கள். வறண்ட புல்வெளியில் கார்பனின் பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும்தான் இருக்கிறது. அதன் வரவு செலவைத் தீர்மானிப்பது மழை. காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு மட்கைத் தின்று, கரியமில வாயுவை ஒரேயடியாக வெளியே தள்ளுகின்றன. கென்யாவில் ஆய்வு செய்த பிர்ச் 1958-ல் இதைப் பற்றி எழுதினார். இன்றும் இதற்குப் 'பிர்ச் விளைவு' என்றுதான் பெயர். மழை தொடர்ந்து பெய்து, ஈரம் வேர்களுக்கு எட்டி, புல் தழைத்த பிறகுதான் வரவு செலவை மிஞ்சும்.

ஆகவே "ஆண்டுக்கு 300 மி.மீ. மழை" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கை முடிப்பது ஏமாற்று வேலை. அதே 300 மி.மீ. பல நாட்களாகப் பிரிந்து பெய்தால் ஒரு கணக்கு. மூன்றே நாளில் கொட்டி ஓடிவிட்டால் முற்றிலும் வேறு கணக்கு!

இந்தப் புல்லுக்கு அவ்வளவு பலமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011-ல் உலகின் நிலப்பரப்பு வழக்கத்தை விட மிக அதிகமாகக் கரியமில வாயுவை உள்ளிழுத்தது. மழைக்காடுகள்தான் காரணம் என்று நினைப்பீர்கள். இல்லை. லா நினா மழையில் நனைந்த தென்கோளத்தின் வறண்ட நிலங்களே முக்கியக் காரணம், அந்தக் கூடுதலில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு ஆஸ்திரேலியாவுடையது என்று 2014-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது.

"அடுத்த வறட்சியிலேயே அதெல்லாம் திரும்பிப் போய்விட்டதே" என்பார்கள். உண்மைதான், பெரும்பகுதி போய்விட்டது. மழை வந்தால் வாங்குவதும் வறண்டால் கொடுப்பதும் அந்த நிலத்தின் இயல்பு. அதற்காக அதை மரத்தால் மூடு என்பது என்ன நியாயம்? நடுகிற மரத்துக்கும் அதே மழைதானே?

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் பன்னி புல்வெளியைப் பாருங்கள். ரண் உப்பு நிலம் பரவாமல் தடுக்கிறோம் என்று 1961-ல் வனத்துறை அங்கே சீமைக்கருவேலத்தை நட்டது. அது என்ன செய்யும் என்று ராமநாதபுரத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பன்னியிலும் அதேதான். புல் இருந்த இடத்தில் முள் பரவியது. வரைபடத்தில் பச்சை கூடியது, மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது.

நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, இயற்கையான புல்வெளிகளைத் தரிசுப் பட்டியலிலிருந்து எடுங்கள். இரண்டு, கார்பன் பெயரைச் சொல்லி அங்கே குழி தோண்டுவதற்கு முன், மழை ஆண்டு, வறட்சி ஆண்டு இரண்டிலும் மண்ணை அளந்து காட்டுங்கள். நல்ல மழை ஆண்டில் மட்டும் அளந்துவிட்டுக் கார்பன் கணக்கு விற்பவரையும் நம்பாதீர்கள், வறட்சியில் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதுபவரையும் நம்பாதீர்கள்.