மழைக்காடும் பவளப்பாறையும்: மாணவர் குறிப்பேடுகள் உணர்த்துவன

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று என நாம் மேடைதோறும் கூறிவருகிறோம். ஆயினும் அச்சுவர்களுக்கு அப்பால் மாணவரை அழைத்துச் செல்லும் துணிவு நமக்கு எப்போதாவதுதான் வாய்க்கிறது. விலங்கியல் துறையினர் இவ்வாண்டு நடத்திய ஐந்து நாள் களப்பயிற்சியில் தமிழ்த்துறை மாணவ மாணவியரும் பங்கேற்றனர். களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காட்டில் மூன்று நாள். மன்னார் வளைகுடாவில், கீழக்கரைக் கடலோரத்தில் இரண்டு நாள். அவர்கள் எழுதியளித்த குறிப்பேடுகளைப் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை இங்கு முன்வைக்கிறோம்.

குறிப்பேடுகளுள் பல 'இயற்கை அன்னையின் மடியில்' என்றே தொடங்கின. வண்ண மலர்கள், பெயர் தெரியாப் பறவைகள், நீலக் கடல் என்று அவை தொடர்ந்தன. அவற்றை எழுத மாணவர் காட்டிற்குச் சென்றிருக்க வேண்டியதில்லை. குறை அவர்களுடையதன்று. அவ்வாறு எழுதினால் மதிப்பெண் தந்து பழக்கியவர்கள் நாமே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்கியதை நாம் பாடமாக நடத்துகிறோம். அந்த எண்ணிக்கையைத் தேர்வு வினாவாக்கினோமே தவிர, அம்மலர்களுள் ஒன்றையேனும் மாணவர் கண்முன் காட்டினோமில்லை. கருப்பொருளைக் காணாதவர் திணையை எங்ஙனம் உணர்வர்?

எனினும் சிலர் உண்மையாகவே கண்டு எழுதியிருந்தனர். மழைக்காடு செழித்திருப்பதால் அதன் மண் வளமிக்கதாக இருக்கும் என்று எண்ணியிருந்ததாகவும், அவ்வெண்ணம் தவறெனக் கண்டதாகவும் ஒரு மாணவர் குறித்திருந்தார். உதிர்ந்த இலை விரைவில் மட்குகிறது. அதன் சத்தினை மேலோட்டமாகப் படர்ந்த வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. காட்டின் செல்வத்தில் பெரும்பகுதி நிற்கும் மரங்களிலேயே இருக்கிறது. மரம் வீழ்ந்தால் மழை மண்ணையும் அரித்துச் செல்லும். அம்மண் எங்கே போகும் என்று அம்மாணவர் அடுத்துக் கேட்டிருந்தார். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. பண்டைய கொற்கைத் துறைமுகம் ஆற்று வண்டலால் தூர்ந்து, இன்று கடலினின்று விலகிக் கிடக்கிறது. பவளமோ தெளிந்த நீரில் வாழ்வது. அதன் உடலினுள் குடியிருக்கும் நுண்பாசி கதிரொளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது. கலங்கல் நீர் அவ்வொளியை மறைத்துவிடும். குறிஞ்சியும் நெய்தலும் ஓர் ஆற்றால் பிணைக்கப்பட்டவை என்பதை அம்மாணவர் நூலின் துணையின்றிக் கண்டுகொண்டார்.

நம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது கடலோர ஊரொன்றைச் சேர்ந்த மாணவியின் குறிப்பேடு. அவருடைய பாட்டனார் வள்ளத்தில் சென்று பவளக்கல் பெயர்த்து வந்து சுண்ணாம்புக் காளவாசலுக்கு விற்றவர். அவர்கள் வீட்டுச் சுவரிலும் அக்கல்லே இருக்கிறது. உயிருள்ள பவளத்தை நீரில் முதன்முதலாகக் கண்ட அம்மாணவி, அந்தச் சுவர் எத்தனை உயிர்களின் கூடு என்று வியந்திருந்தார். அத்தொழில்தான் தம் தந்தையை வளர்த்தது என்பதையும் மறைக்காமல் எழுதி, பாட்டனாரைப் பற்றித் தாம் என்ன நினைப்பது என்று கேட்டிருந்தார்.

இவ்வினாவிற்கு நம் விடை இதுவே. வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அலை தடுக்கும் பாறைகளை இழந்து விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன. இழப்பு உண்மையானது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கல் பெயர்த்த ஏழையை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியன்று. சுண்ணாம்பு பூசிய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. இன்று நிலைமை வேறு. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் உயர்ந்தபோது அந்நுண்பாசி நீங்கிப் பவளங்கள் வெளிறின. அவ்வெப்பத்தில் நம் அனைவருடைய வாகனத்திற்கும் மின்சாரத்திற்கும் பங்குண்டு. பாட்டனார் அறியாமற் செய்தார். நாம் அறிந்து செய்கிறோம்.

திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயமாகிய 'அர்ரஹ்மான்' முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளுள் வைத்து எண்ணுகிறது. அவ்வத்தியாயமே தராசின் நிறையில் வரம்பு மீறலாகாது என்றும் எச்சரிக்கிறது. பூமி நமக்கு உடைமையன்று, அமானிதம். இதனை ஓதி அறிந்த சமுதாயம் தன் பிள்ளைகள் அதைக் கண்ணாலும் காணத் தடையாய் நிற்கலாமா?

தமிழ் படிப்போருக்குக் காடும் கடலும் எதற்கு என்று சிலர் கேட்டனர். பெண்பிள்ளைகளை ஐந்து நாள் வெளியூர் அனுப்பத் தயங்கிய பெற்றோரும் உண்டு. அவர்கள் கவலையை நாம் மதிக்கிறோம். பேராசிரியைகள் உடன்செல்வதும் தங்குமிட ஒழுங்கும் கல்லூரியின் பொறுப்பாதல் வேண்டும். ஆனால் அம்மாணவியை வீட்டில் நிறுத்தியிருந்தால் இவ்வினா பிறந்திருக்காது.

ஆகவே, இக்களப்பயிற்சியில் தமிழ்த்துறையும் ஆண்டுதோறும் இணைய வேண்டும். குறிப்பேட்டிற்கு அணிநயம் கருதாது, கண்டதும் கேட்டதும் கருதி மதிப்பெண் வழங்க வேண்டும். கடற்பசுவை 'ஆவுளியா' என்றும், கடலடிப் பாறையைப் 'பார்' என்றும் வழங்கும் கடலோர மக்களின் சொற்களை மாணவர் தொகுக்க வேண்டும். சங்கு குளித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டறியக் காலம் தாழ்த்தலாகாது.

அம்மாணவியின் குறிப்பேட்டில் நாம் ஒரு திருத்தமும் செய்யவில்லை. அதைப் பாட்டனாருக்குப் படித்துக் காட்டுமாறு மட்டும் சொல்லியனுப்பினோம். கண்டதை உள்ளவாறு எழுதும் துணிவை நம் மாணவர் அனைவர்க்கும் வல்ல இறைவன் அருள்வானாக!