பேண்டு செட்டும் ஜாஸ் கிடாரும்

கீழ்பென்னாத்தூர் பக்கம் கல்யாண ஊர்வலமோ கல்யாணச் சாவோ, முன்னால் போவது பேண்டு செட்டுதான். டிரம்பெட், கிளாரிநெட், சைடு டிரம், வயிற்றோடு கட்டிய பேஸ் டிரம். (செண்டை மேளமும் டிஜேவும் வந்து பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.) சினிமாப் பாட்டாக வாசித்துத் தள்ளுவார்கள். ஆடுகிறவர்கள் சட்டை கிழிய ஆடுவார்கள். வாசித்தது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இதே தொழில் இன்னொரு ஊரில் எங்கே போய் நின்றது பாருங்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் சாவு எடுக்கும்போது பித்தளை பேண்டு கூடவே போகும். இடுகாடு வரை மெதுவான சோக மெட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே பேண்டு துள்ளலுக்கு மாறும். பின்னால் வருகிற ஊர்ஜனம் குடையைச் சுழற்றிக்கொண்டு ஆடும். அந்தக் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பேர். நம்மூர்க்காரர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை!

ஜாஸ் பிறந்ததில் அந்தத் தெரு பேண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ராணுவ மார்ச் 'லெஃப்ட் ரைட்' என்று ஒரே சீராக நடக்கும். இவர்கள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாலாவது அடியில் பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தார்கள். நடை போய் ஆட்டம் வந்துவிட்டது. 1977-ல் டர்ட்டி டஜன் பிராஸ் பேண்டு இதில் ஃபங்க்கையும் நவீன ஜாஸையும் கலந்தது. 1983-ல் தொடங்கிய ரீபர்த் பிராஸ் பேண்டு 2012-ல் கிராமி விருதே வாங்கியது.

கிடாருக்கு இதில் என்ன வேலை? சார்லி ஹன்டர் என்று ஒரு ஜாஸ் கிடாரிஸ்ட். ஏழு, எட்டுக் கம்பி கிடார் வைத்திருப்பார். தடித்த கம்பிகளில் பேஸ் ஓடும், மெல்லிய கம்பிகளில் மெட்டு. அதாவது பேண்டில் பெரிய குழல் வாத்தியம் செய்கிற வேலையையும் டிரம்பெட் செய்கிற வேலையையும் ஒரே ஆள் விரலால் செய்கிறார். 2010-ல் டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் சேர்த்து அவர் போட்ட ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கனவான்களே, உங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்'. நம்ம பேண்டு செட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களா அழுவார்களா தெரியாது :-)

இங்கே கிடார் ஆட்கள் இல்லாமல் இல்லை. ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா கர்நாடக இசையைக் கிடாரில் வாசித்து, ஜாஸும் படித்து, 2006-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஆல்பம் போட்டவர். கத்ரி கோபால்நாத் சாக்சபோன் மேல் ஆசைப்பட்டதே மைசூர் அரண்மனை பேண்டைக் கேட்டுத்தான். அவரும் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008-ல் 'கின்ஸ்மென்' கொண்டுவந்தார்கள். அதில் ஜாஸ் கிடார் ரெஸ் அப்பாசி. இன்னும் பின்னால் போனால், முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஆக, பேண்டு சபாவுக்குள் வராமல் இல்லை. அரண்மனை வழியாக வந்தது, கோட்டை வழியாக வந்தது. தெரு வழியாக வந்ததுதான் வாசலிலேயே நிற்கிறது. பறையும் பேண்டும் அடிக்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காரணமும் அதுதான், இசையில் குறை ஒன்றுமில்லை. டப்பாங்குத்து ஆறு எண்ணிக்கையில் ஓடுகிறது. அதை இரண்டாகவும் பிரிக்கலாம், மூன்றாகவும் பிரிக்கலாம். சைடு டிரம்காரர் ஒரே பாட்டில் இரண்டுக்கும் நடுவில் தாவித் தாவி விளையாடுவார். ஜாஸ்காரன் 'குரூவ்' என்று வருஷக்கணக்கில் தேடுவது இதைத்தான். ஃபியூஷன் கச்சேரி என்றால் மிருதங்கமும் கடமும் மட்டும்தானா?

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிடாரோடு ஒன்றாக நின்றன. அது ஜாஸ் அல்ல, அரசியல் பாட்டு. ஆனாலும் வாசித்தவர்களின் பெயர் மேடையில் தெரிந்தது. பேண்டு செட்டுக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கல்லூரி கல்ச்சுரலில் அதே நாலு கார்டை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டு வாசிக்கிற கிடார் பையன்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முகூர்த்த நாளில் ஊர்வலம் முடிந்ததும் அந்த சைடு டிரம்காரரின் பெயரைக் கேட்டு, ஒரு மணி நேரம் கூட வாசிக்கக் கூப்பிடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலியைக் கொடுத்துவிட்டு.